துண்டை அவிழ்த்த மகனுக்கு

அன்பு மகன் அருளுக்கு,

நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை. முழங்கால் வலிக்கிறது என்று எழுதினால் தைலப் போத்தலோடு அடுத்த பஸ்ஸில் நுவரெலியாவிலிருந்து வந்து இறங்கிவிடுவாய். ஆகையால் என் நலத்தை விட்டுவிடுவோம். கல்யாணத்துக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. பந்தலுக்கு மூங்கில் வந்துவிட்டது. நம் தோட்ட லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் தங்கள் வாசல் திண்ணையான இஸ்தோப்பையும் நமக்கு விட்டுத் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். நீ வந்து சேரும்போது வீடு கொள்ளாமல் ஆட்கள் இருப்பார்கள். உன்னோடு நாலு வார்த்தை பேச எனக்கு முறை வராது. வந்தாலும் "குளிச்சியா, சாப்ட்டியா" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன், என் லட்சணம் உனக்குத் தெரியும். இந்த லயத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களுக்கெல்லாம் இங்கே மிஞ்சினவர்கள் சொல்லச் சொல்ல நான்தான் கடிதம் எழுதினேன். ஊரார் அழுகையை எல்லாம் என் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். என் பிள்ளைக்கென்று உட்கார்ந்து எழுதுவது இதுதான் முதல் தடவை.

பெண் வீட்டார் லிந்துலையிலிருந்து நிச்சயம் பேச வந்தார்களே, அன்றைக்கு உன் மாமியாராகப் போகிறவர் என்னிடம் மெல்லக் கேட்டார். "மாப்பிள்ளைக்கு நுவரெலியாவுல என்னா வேலைங்க?" நானும் பெருமையாகச் சொன்னேன். "வயசானவங்களப் பாத்துக்கிற ஆளுகளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்குறாங்க. அடிக்காம, வையாம, கட்டிப்போடாம எப்பிடிப் பாத்துக்கிறதுன்னு." அந்த அம்மாள் வாய்க்குக் கொண்டுபோன வெற்றிலையை அப்படியே நிறுத்திவிட்டார். "இதையுமா பாடம் வச்சுச் சொல்லிக் குடுக்கணும்? மனுசனுக்குத் தானாத் தெரியாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. நீ கண்டியில் அந்தப் பயிற்சியை முடித்துவிட்டு வந்த அன்று நானும் இதையேதான் கேட்டேன். இல்லத்தில் இருக்கிறவர்களைப் பெற்ற தகப்பனைப் போலத்தானே பார்த்துக்கொள்கிறோம், இதில் என்ன படிப்பு வேண்டிக் கிடக்கிறது என்றேன். நீ சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "சனிக்கிழம சாயங்காலம் சாப்பாட்டு மண்டபத்துக்கு வாங்கம்மா. பாடம் சமையக்கட்டு ஆளுகளுக்கும் சேத்துத்தான்" என்று மட்டும் சொன்னாய்.

இனி நான் எழுதப்போவது உனக்குத் தெரிந்த கதைதான். ஆனால் நான் சமையற்கட்டு வாசலில் நின்று பார்த்த பக்கம் உனக்குத் தெரியாது. நீ நுவரெலியாவுக்குப் போகுமுன் என்னோடு வேலை பார்த்த நம் முதியோர் இல்லம் இருப்பது ஒரு காலத்தில் தோட்டத் துரை குடியிருந்த பங்களாவில். கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள். கீழே தேயிலை ஃபெக்டரி, சுற்றிலும் கொழுந்து மலை. உள்ளே இருக்கிறவர்கள் முக்கால்வாசிப்பேர் பிள்ளைகளைக் கப்பலேற்றிவிட்டு நின்றவர்கள். பிள்ளைக்கு இந்தியப் பாஸ்போர்ட், தகப்பனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று கடதாசி இரண்டாகப் பிரிந்துபோன குடும்பங்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள வேலைக்கு வந்த நாங்களும் அதே தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான். நான் கொழுந்து பறித்து முதுகு போனவள். மற்றவர்கள் மலையில் முள்ளுக்குத்தி மண் புரட்டியவர்கள், தேயிலையைக் கவ்வாத்து வெட்டியவர்கள். ஒரு கூட்டத்தை எழுப்ப, நிறுத்த, சாப்பிட வைக்க எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்று. அதுதான் பெரட்டு.

தோட்டத்தில் விடியுமுன் ஃபெக்டரிச் சங்கு ஊதும். பெரட்டுக் களத்தில் போய் வரிசையில் நின்று கங்காணியிடம் பேர் கொடுக்கவேண்டும். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லையென்றால் கூலி இல்லை. அந்தப் பழக்கத்தை நாங்கள் இல்லத்துக்குள்ளும் கொண்டுவந்துவிட்டோம். யாரும் சொல்லிச் செய்யவில்லை, தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. காலையில் தட்டத்தைத் தட்டுவோம். கிழவர்கள் ஒரு பக்கம், கிழவிகள் ஒரு பக்கம் வரிசையில் வந்து நிற்கவேண்டும். நிற்காதவர்களுக்குச் சாயத்தண்ணி, அந்தப் பாலில்லாத் தேத்தண்ணிகூட, கடைசியில்தான், ஆறிப்போன பிறகு. "பெரட்டுக்கு வராத ஆளுக்குப் பேரில்ல" என்று கரண்டியோடு நின்று சத்தம் போட்டவள் உன் ஆத்தாள்தான். அவர்களும் கேட்டுப் பழகிய சத்தம் என்பதால் தலை குனிந்து நின்றார்கள். சண்டை பிடிக்காமல் நிற்கிறார்களே, சந்தோஷமாகத்தான் இருக்கிறார்கள் என்று நாங்கள் நினைத்தோம்.

அந்தச் சனிக்கிழமை நீ முதலில் கை வைத்தது அந்த வரிசையில்தான். நீ திட்டவில்லை. "நம்மள தொர நிக்க வச்சாரு. நாம இவங்கள எதுக்கு நிக்க வைக்கிறோம்?" என்று கேட்டாய்.  பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு "அம்மா, நீங்க வந்து ஒக்காருங்க" என்றாய். எனக்கு வெட்கம், ஆனாலும் மகன் வாத்தியாராகக் கூப்பிடுகிறான் என்று உள்ளுக்குள் குளிர்ந்துபோய்த்தான் வந்து உட்கார்ந்தேன். நீ என் இரண்டு கையையும் நாற்காலிக் கையோடு சேர்த்துத் துவாயால் தளர்வாகக் கட்டிவிட்டு, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, என்னைப் பார்க்காமலே கதை பேசினாய். முதலில் எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். அப்புறம் மூக்கு அரித்தது. சாதாரண அரிப்புத்தான். சொரிய வேண்டும், கை வரவில்லை. "டேய், மூக்கு அரிக்குது" என்றேன். "கொஞ்சம் பொறுங்க, வேலையா இருக்கேன்ல" என்று நாங்கள் வழக்கமாகச் சொல்லுகிற அதே பதிலை, அதே இழுவையோடு சொன்னாய். பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். மூக்கு அரிப்பும் அப்படித்தான் போல. நீ ஓடிவந்து கட்டை அவிழ்த்து, என் கையை உன் கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாய். கண்டியில் யார் உனக்கு என்ன சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, அந்தத் தேய்ப்பை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள்.

அப்போது மண்டபத்தில் சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் உன் மாமன். ஆண்கள் வார்ட்டில் இராக்காவலுக்கு நிற்கிற என் கூடப்பிறந்த தம்பி. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நீ எடுத்தாய்.

உன் மாமனைப் பற்றி நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன், உன் பிள்ளைகள் ஒரு நாள் இதைப் படிக்கட்டும். கூப்பனுக்குக் கிடைத்த மாவும் குறைந்து, ஆட்கள் கிழங்குக்கும் கீரைக்கும் அலைந்த அந்தப் பஞ்சத்தில்தான் உன் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். நீ அப்போது இஸ்கூலுக்குப் போகிற பிள்ளை. உன் மாமன் டயகமப் பக்கம் தோட்டத்தில் கொஞ்சம் ஆட்களுக்குப் பேர் போடுகிற சில்லறைக் கங்காணியாக இருந்தான். தன் பங்கு மாவை முடிந்துகொண்டு மலைக்கு மலை நடந்து வந்து நம் அடுப்பில் ரொட்டி சுடச் சொல்வான். "நான் தின்னுட்டுத்தான் வந்தேன் அக்கா" என்பான். பச்சைப் பொய். நீ அவன் தோளில் ஏறித்தான் தேர் பார்த்தாய். பிற்பாடு கங்காணி வேலை போனதும் அவனை இந்த இல்லத்தில் சேர்த்துவிட்டது நான்தான். நல்லவன், ஆனால் தனிக்கட்டை. பொறுமை கொஞ்சம் குறைச்சல். அந்த வார்ட் முழுவதற்கும் விடியும் மட்டும் அவன் ஒருவன்தான்.

அந்த வார்ட்டில்தான் வீரமலைத் தாத்தா இருந்தார், இப்போதும் இருக்கிறார். கவ்வாத்து வெட்டுவதில் பேர்போன ஆள். இரண்டு மகன்களும் கப்பலேறிவிட்டார்கள். அவருக்கு நினைவு தப்பியது, ஆனால் காது தப்பவில்லை. கீழே ஃபெக்டரியில் சங்கு ஊதினால் போதும், எழுந்து கவ்வாத்துக் கத்தியைத் தேடுவார். "நேரமாச்சி, பேர வெட்டிருவாங்க" என்று வாசலைப் பார்த்து நடப்பார். வாசலுக்கு வெளியே கருங்கல் படி, அதற்கப்பால் மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய கான், அதற்குக் கீழே மலைச் சரிவு. இருட்டும் பனியும் சேர்ந்த நேரம். ஒரு தடவை கானில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் விழவேயில்லை. உன் மாமன் கெட்டிக்காரத்தனமாகப் பார்த்துக்கொள்கிறான் என்று பெரிய சிஸ்டர்கூட மெச்சினார்.

அந்தச் சனிக்கிழமைக்கு மறுநாள் நீ சங்கு ஊதுமுன் வார்ட்டுக்குப் போனாய். உன் மாமன் தலைப்பாக் கட்டுகிற துண்டு கட்டில் காலில் முடிச்சாக இருந்தது. மறு நுனி தாத்தாவின் மணிக்கட்டில். கன்றிப்போன வளையம் ஒன்று அதற்கு அடியில் பழையதாகவே இருந்தது. சங்கு ஊதியது. தாத்தா எழும்பப் பார்த்து, முடியாமல், "எம் பேர வெட்டிட்டாங்களே, நான் நேரத்துக்கு வந்தேனே" என்று பிள்ளையைப்போல அழுதார். இதையெல்லாம் நீ எனக்குச் சொல்லவில்லை, உன் மாமன்தான் பிற்பாடு சொன்னான். நீ துண்டை அவிழ்த்தாயாம். தாத்தாவின் கையைத் தேய்த்துவிட்டாயாம். அப்புறம் துண்டை உதறி மடித்து, மாமன் கையில் கொடுத்துவிட்டு, "மாமா, நான் இத பெரிய சிஸ்டர்ட்ட சொல்லத்தான் போறேன். நீங்களே வந்து சொன்னீங்கன்னா நல்லது. நானும் கூட நிக்கிறேன்" என்றாயாம்.

மகனே, எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைகிற இடம் இதுதான். ஒரு வழியாக மூடி மறைத்துவிட்டு "இனிமேச் செய்யாதீங்க மாமா" என்று முடித்திருக்கலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அதைத்தான் செய்வார்கள், நானும் செய்திருப்பேன். அல்லது அவனுக்குத் தெரியாமல் போய்ச் சொல்லியிருக்கலாம். நீ இரண்டையும் செய்யவில்லை. "தோள்ல தூக்கி வளத்ததுக்கு நல்ல கூலி குடுத்திட்ட மருமகனே" என்று அவன் கேட்டபோதும் நீ குரலை உயர்த்தவில்லை. அவன் வரவில்லை என்றதும் தனியாகப் போய்ச் சொன்னாய். சிஸ்டர் அவனை வார்ட்டிலிருந்து எடுத்து விறகுக்கொட்டிலுக்கும் மரக்கறித் தோட்டத்துக்கும் மாற்றினார். நீ அதோடு நிற்காமல், ஒரு ஆளைத் தனியாக அத்தனை பேருக்கும் காவல் வைத்தது யார் என்று சிஸ்டரையும் கேட்டுவிட்டு வந்தாய். வெட்டொன்று துண்டிரண்டு. அதை மட்டும் உன் பெண்டாட்டியிடம் காட்டாதே, வீட்டில் கொஞ்சம் வளைந்து கொடு.

நான் அன்றைக்கு உனக்குச் சோறு போட்டுவிட்டுப் பேசாமல் போனேன். பிறகு பேசினேன், பேசாமலே இருந்திருக்கலாம். "ஒன் கல்யாணத்துல தலைப்பா கட்டிவிட தாய்மாமன் வேணும். எவன் வருவான்? கண்டியிலருந்து வருவானா?" என்று கேட்டேன். நம் சனத்தில் மாப்பிள்ளை தலையில் தாய்மாமன் கை படாமல் மணவறைக்கு ஏறுவது அனாதைக் கல்யாணம். நீ தட்டைப் பார்த்துக்கொண்டே, "கட்டலைன்னா வெறுந்தலையோட நிக்கிறேம்மா. தாத்தா கை வெறுங்கையா இருக்கட்டும்" என்றாய். எனக்குக் கோபம் தலைக்கேறியது. ஒரு பக்கம் தம்பி, ஒரு பக்கம் மகன். பாம்பும் சாகவேண்டும், கம்பும் முறியக்கூடாது என்று எனக்கு. உன் மாமனோ இனி நம் வாசற்படியை மிதிப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டான். கூடவே ஒரு சவாலும் சொல்லி அனுப்பினான். "கட்டாமப் பாத்துக்க முடியும்னா, பாத்துக் காட்டச் சொல்லு."

நீ பார்த்துக் காட்டினாய். சங்கு ஊதுகிற நேரக் காவலை உன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாய். அடுப்பு மூட்ட வருகிற எனக்குத் தினமும் உன் கூத்தைப் பார்க்கிற யோகம். தாத்தா எழுந்து நடப்பார், நீ கம்பளியைக் கொண்டு பின்னாலேயே நடப்பாய். ஒரு நாள் "பெரட்டு முடிஞ்சிருச்சி தாத்தா" என்றாய். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஒரு நாள் "நீங்க வேலைய விட்டு ரொம்ப நாளாச்சி" என்று உண்மையைச் சொன்னாய். உன்னைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஓடினார், இரண்டு பேரும் சேர்ந்து படியில் உருண்டீர்கள். முழங்கையைத் துடைத்துக்கொண்டு நீ அடுப்படியில் வந்து குந்தியபோது, போதுமடா சாமி, ஒரு மெல்லிய துண்டால் மெதுவாகக் கட்டினால்தான் என்ன என்று கேட்க என் நாக்கு நுனிவரை வந்தது. நீ அடுப்பைப் பார்த்தபடி வேறு ஒன்றைச் சொன்னாய். "அவரு ஓடிப்போகப் பாக்கலம்மா. பேர் குடுக்கத்தான் போறாரு. நாம பேர வாங்கிக்கிட்டா திரும்பி வந்துருவாரு."

எந்தப் பெரட்டை ஒழிக்கவேண்டுமென்று முதல் நாள் பாடம் எடுத்தாயோ, அதையே நீ திரும்பக் கொண்டுவரவேண்டியதாயிற்று. எனக்குச் சிரிப்பு. ஆனால் உனக்குப் பெரட்டுப் பிடிக்கத் தெரியவில்லை. தெரிந்திருக்க நியாயமில்லை, உன்னைப் பெரட்டுக் களத்துக்கு அனுப்பாமல் இஸ்கூலுக்கு அனுப்பியது நாங்கள்தானே. முன்வாசலில் நின்று நீ பேர் கூப்பிட்டது, வகுப்பில் இடாப்பு வாசிப்பதுபோல இருந்தது. தாத்தா உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யாருடா? கங்காணி எங்க?" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் நீ விறகுக்கொட்டிலுக்குப் போனதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சண்டைக்குப் போகிறாயோ என்று கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். நீ விறகுக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, "மாமா, எனக்குத் தெரியல. பெரட்டு எப்பிடிப் புடிப்பீங்க?" என்று கேட்டாய். யாரைக் காட்டிக்கொடுத்தாய் என்று ஊர் பேசியதோ அவனிடமே போய், எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல உனக்கு வெட்கமாக இல்லை. உன் மாமன் கோடாலியை நிறுத்தவில்லை. உன் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு கட்டையை முழுவதும் பிளந்து முடிக்கிற மட்டும் நீ இருந்துவிட்டு எழுந்து வந்தாய்.

மறுநாள் சங்கு ஊதியபோது முன்வாசலில் உன் மாமன் நின்றான். பழைய கோட்டு, தலையில் அந்தத் துண்டு. யாரையும் பார்க்காமல் மலையைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தான். "வீரமலே..." அந்தச் சத்தத்துக்கு வார்ட்டே எழும்பிவிட்டது. தாத்தா முதுகை நிமிர்த்தி, "வந்திட்டேங்க" என்றார். "பேர் போட்டாச்சி. இன்னைக்குப் பேய் மழ, மலைல காலு வைக்க ஏலாது. கம்பளியப் போத்திக்கிட்டுப் போயி தேத்தண்ணி குடி." தாத்தா கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போனார். கட்டிலில் உட்கார்ந்து நான் கொடுத்த சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். நான் அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அதற்கு முன் பார்த்ததில்லை. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, வெளியே பளிச்சென்று விடிந்துகொண்டிருந்தது.

பெரிய சிஸ்டருக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "அது பொய் இல்லையா அருள்?" என்று உன்னைக் கேட்டார். நீ, "இன்னைக்கு ஒங்களுக்கு எடமிருக்கு, தேத்தண்ணி இருக்கு, யாரும் வெரட்ட மாட்டாங்கன்னு சொல்றோம் சிஸ்டர். அதுல எதுவும் பொய்யில்லையே" என்றாய். அப்புறம் பாடத்தையும் அதற்கேற்ற மாதிரி மாற்றிக்கொண்டாய். புதிதாக வருகிற ஆட்களிடம், ஒரு வயசாளி ஓடினால் முதலில் கையைப் பிடிக்காதீர்கள், எங்கே போகிறார் என்று கேளுங்கள் என்று சொல்கிறாயாமே. நுவரெலியா போய் வந்த வேன்காரர் சொன்னார். அந்தப் பாடத்தில் உன் மாமனுடைய பங்கும் உண்டு என்று நீ சொல்லிக்கொடுக்கிறாய் என்றும் சொன்னார். அதைக் கேட்டு நான் அடுப்புப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

நீ நுவரெலியாவுக்கு மாற்றலாகிப் போன பிறகும் உன் மாமன் பெரட்டை நிறுத்தவில்லை. விறகு வேலையோடு அதையும் செய்கிறான். ஆனால் உன் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான். ஒரு நாள் இல்லத்தில் என் அடுப்படிக்கு வந்து குந்தி, தானாகவே வாயைத் திறந்தான். "அந்தாளு என்னைய ஒரு வார்த்த வைஞ்சிருந்தாக்கூட ஆறிடும் அக்கா. என்னையப் பாத்துக் கும்புடுறாரு. கட்டுனது நான்னு அவருக்கு நெனப்பே இல்ல" என்று சொல்லிவிட்டு, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அவன் உன்மேல் கோபமாக இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. உன் முகத்தைப் பார்க்கத்தான் அவனால் முடியவில்லை. தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும், எப்படியும் வருவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பத்திரிகை வைக்கப் போனபோது வெற்றிலையை வாங்கி வைத்தான், வருகிறேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு, அவன் இல்லையென்றுவிட்டால் நான் எங்கே போவேன்?

மகனே, எனக்கும் வயசு ஏறுகிறது. உப்புப் போட்டேனா இல்லையா என்று இரண்டு தடவை நக்கிப் பார்க்கிறேன். ஒரு நாள் எனக்கும் வீரமலைத் தாத்தாவைப்போல ஆகலாம். அப்போது நான் கூடையைத் தேடினால், நான் கொழுந்து எடுப்பதை விட்டு இத்தனை வருஷமாகிறது என்று கணக்குச் சொல்லாதே. உன் அப்பாவைத் தேடினால் செத்துப்போய்விட்டார் என்று ஒவ்வொரு நாளும் புதிதாகச் சொல்லி என்னைத் தாலியறுக்க வைக்காதே. "கொழுந்து எட போட்டாச்சிம்மா, நல்ல றாத்தல், வாங்க" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள். உன் கை எனக்குத் தெரியும், வந்துவிடுவேன். உன் பெண்டாட்டிக்கும் இதைச் சொல்லிவை. அந்தப் பிள்ளை நல்ல குணம், ஆனால் அவசரக்காரி மாதிரித் தெரிகிறது. கோபம் வந்தால் அறையைவிட்டு வெளியே போய் நூறு வரை எண்ணிவிட்டு வரச் சொல்லி உன் ஆட்களுக்குப் படிப்பிக்கிறாயே, அதை வீட்டிலும் பழகுங்கள். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல வெளியே போய்விடாதீர்கள், பால் பொங்கி வழியும்.

இவ்வளவையும் நேற்றே எழுதி முடித்துவிட்டேன். உறையில் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. இன்று காலையில் நடந்ததைச் சேர்த்து எழுதுகிறேன். வழக்கம்போலச் சங்கு ஊதியது. நான் சாயத்தண்ணிக் கேத்தலோடு வாசலுக்கு வந்தேன். உன் மாமன் பேர் கூப்பிட்டு, மழையைச் சொல்லி முடித்தவன், போகாமல் நின்றான். தொண்டையைக் கனைத்துக்கொண்டு தாத்தாவிடம் சொன்னான். "வர்ற வெள்ளிக்கிழம பெரட்டுக்கு நான் இல்ல. வேற ஆளு பேர் போடுவாங்க. எங்க அக்கா மகனுக்குக் கல்யாணம். நான் போயித் தலைப்பா கட்டிவிடணும்."

நான் கேத்தலைக் கீழே வைத்துவிட்டேன். தாத்தா உன் மாமனையே உற்றுப் பார்த்தார். பிறகு அவன் தலையிலிருந்த துண்டைப் பார்த்தார். அப்புறம் தன் வலது மணிக்கட்டை இடது கையால் மெல்லத் தடவிக்கொண்டு கேட்டார். "யாரு, என் துண்ட அவுத்துவிட்டானே, அந்தப் பயலுக்கா?"

உன் மாமன் அப்படியே நின்றுவிட்டான். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது மகனே. கட்டினது யார் என்றும் தெரியும், அவிழ்த்தது யார் என்றும் தெரியும். தெரிந்துதான் இவ்வளவு நாளும் இவனைக் கும்பிட்டிருக்கிறார்.  "ஆமாங்க தாத்தா" என்றான் உன் மாமன் கடைசியில். "அவனுக்குத்தான்."

தாத்தா கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கட்டிலுக்குத் திரும்பினார். இரண்டு அடி வைத்துவிட்டு நின்று, திரும்பிப் பார்த்துச் சொன்னார். "அவுந்து விழாமக் கட்டு கங்காணி."

வெள்ளிக்கிழமைக்கு முன்னாலேயே வந்துவிடு, ராசா. உன் மாமன் அந்தத் துண்டைத் துவைத்து நம் இஸ்தோப்புக் கொடியில் காயப்போட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

இப்படிக்கு
உன் அம்மா